சிலந்தி, புதர், போண்டா

ஜூன் 3, திங்கள்

அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தபோது உள்ளே இரண்டு பியூஸ் கட்டைகள் இருந்தன. வெள்ளைப் பீங்கான். ஒன்றின் செம்பு நாக்கில் ரசம் பட்டிருந்தது.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன் அந்தத் தெரு டிரான்ஸ்பார்மரில் உள்ள பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். கட்டை அவர் பையில் இருக்கும்வரை யாரும் தவறிப்போய்க்கூடக் கரண்ட் விட முடியாது. வேலை முடிந்து எல்லாரும் இறங்கியபின் பிடுங்கியவரே மாட்ட வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. இருபத்துமூன்று வருடமாக இதுதான் பழக்கம். ஆகவே பியூஸ் கட்டை வீட்டுக்கு வர வழியே இல்லை.

அப்பாவிடம் காட்டினேன். அதற்குள் போன் வந்தது. அப்பாவோடு வேலை பார்க்கும் மரியசிங்கம் மாமா.

"அண்ணாச்சி, வாணியர் தெருல பாதி வீட்டுக்குக் கரண்டு இல்லங்காவ."

"பீஸு போயிருக்கும்டே. நான் போயிப் பாக்கேன்."

கட்டைகளை வேட்டியில் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். இருபது நிமிடத்தில் திரும்பினார். அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

பையைக் கழுவிக் காயப்போட்டேன். மாவு நாளைக்குப் போதும்.

ஜூன் 5, புதன்

இது அப்பாவின் டைரி. தொழிற்சங்கத்தில் வருடாவருடம் கொடுப்பார்கள். எந்தத் தெரு, என்ன வேலை என்று தினமும் ஒரு வரி எழுதுவார். இந்த வருடம் பிப்ரவரி 20 வரை எழுதியிருக்கிறார். கடைசிப் பத்து நாளும் ஒரே வரி: வாணியர் தெரு, கிளை வெட்டு. பத்து நாள் வெட்டுவதற்கு வாணியர் தெருவில் மரம் கிடையாது. இரண்டு வேம்புதான்.

மீதித் தாள் சும்மா கிடக்கிறதே என்று போன வாரம் கேட்டேன். "நீயே எழுதிக்கோ" என்று தந்துவிட்டார்.

என்னைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர் ஆவுடைச்செல்வி. வயது பதினெட்டு. பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். பீரியட் முடிகிறவரை நின்றேன். இரண்டு வாரம் அப்படியே நடந்தது. பிறகு போகவில்லை. வாசிக்கத் தெரியாமல் இல்லை.

ஜூன் 10, திங்கள்

ஆபீசில் புது வேலை வந்திருக்கிறது. ஆபீஸ் என்றால் ஜவுளிக்கடை மாடியில் பதினெட்டு கம்ப்யூட்டர். வெளியூர்க்காரர்கள் அனுப்பும் படங்களில் அவர்கள் கேட்கும் பொருளைச் சுற்றிக் கோடு போட்டு, அது இன்னது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். போன மாதம் முழுக்க ஆட்டோ. அதற்கு முன்பு பழுத்த தக்காளி, பழுக்காத தக்காளி. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

இப்போது மூளை. இறந்தபின் தானமாகக் கொடுக்கப்பட்ட மூளையைத் தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, பெரிதாக்கி எடுத்த படங்கள். எல்லாம் அல்சைமர் என்கிற மறதி நோய் வந்தவர்களுடையவை. அதில் பழுப்பாகத் தெரியும் செல்களை மட்டும் குறிக்க வேண்டும். மைக்ரோக்ளியா என்று பெயர். மூன்று வகை. கை நீளமாக விரிந்தது ஒன்று. கை குட்டையாகித் தடித்தது ஒன்று. கையே இல்லாமல் உருண்டது ஒன்று. எங்களுக்கு மேலே இருக்கும் பிரிஸ்கில்லா அக்கா போர்டில் படம் போட்டு மூன்றுக்கும் இங்கிலீஷ் பெயர் எழுதினார். பக்கத்து சீட்டு ஜன்னத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது செலந்தி. இது பொதரு. இது போண்டா. இதுக்குப் போயி இம்புட்டு நீளப் பேராக்கா?"

"ஏட்டி, டாக்டர் முன்னாடி போண்டான்னு சொல்லித் தொலச்சிராத. வந்த வேல போயிரும்."

மத்தியானத்துக்குள் பதினெட்டு பேரும் சிலந்தி, புதர், போண்டா என்றுதான் சொன்னோம். நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

காலையில் அப்பா வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை போய் நின்றுவிட்டார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பால்காரர் ஏதோ கேட்டபின் இடப்பக்கம் போனார்.

டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்ததாகச் சாயங்காலம் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மரியசிங்கம் மாமா சாளை மீன் வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஆய்ந்தேன். மாமாவும் அப்பாவும் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள்.

மாமாவுக்கு ஒரு வழக்கம். டிரான்ஸ்பார்மரில் கட்டையைப் பிடுங்கியபிறகும், கம்பத்தில் ஏறியதும் எல்லாக் கம்பிகளையும் தொடுகிற மாதிரி ஒரு செப்புச் சங்கிலியை மாட்டி அதன் நுனியைப் பூமியில் இறக்கிவிடுவார். யாராவது தவறிக் கரண்ட் விட்டால் அது சங்கிலி வழியே இறங்கி பியூசை எரித்துவிடும், ஆளை விட்டுவிடும். விதிப்படி எல்லாரும் போட வேண்டியதுதான். தெருக் கம்பத்துக்குப் பலர் போடுவதில்லை. அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது.

"ஏ ஆவுடை, ஒங்க அத்தைட்ட கேளு. இவன் கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு செயினு போட்டானான்னு. கம்பிக்கு மட்டும் தெனமும் போடுதான்."

"கம்பி அடிச்சா திருப்பி அடிக்க முடியாதுல்லா அண்ணாச்சி. அவ அடிச்சா ஓடிருவேன்."

"நான் பீஸப் புடுங்கி மடியில வச்சிருக்கேன். என் மேல நம்பிக்க இல்லயோவ்?"

"ஒம்ம மேல நம்பிக்க இருக்கு வே. எங் கை நடுங்குதுல்லா, அதுக்கு ஒரு சாமி கயிறு மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மறுபடியும் என்னைக் கூப்பிட்டு, "ஏ ஆவுடை, ஒங்க அத்தைட்ட கேளு" என்று முதலிலிருந்து அதையே சொன்னார். மாமா மறுபடியும் சிரித்தார், முதல் தடவை மாதிரியே. அம்மா உள்ளே வந்து குழம்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய பதத்தில் அது இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஆராய்ச்சி டாக்டர் வீடியோவில் பேசினார். நாங்கள் நிறையப் போண்டாவைப் புதர் என்று குறித்துவிட்டோமாம். எதைக் குறிக்கிறோம் என்று தெரிந்தால் தப்பு குறையும் என்று கால் மணி நேரம் விளக்கினார். என் ஞாபகத்தில் உள்ளதை எழுதுகிறேன்.

மூளைக்கு வெளியே ரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்கள் இருப்பதுபோல, மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல்கார செல்கள் இவை. சும்மா இருக்கும்போது சிலந்தி மாதிரிக் கைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்தபடி இருக்கும். அல்சைமர் வருகிறவர்களின் மூளையில் ஒரு புரதம் கட்டிக்கட்டியாகக் கறைபோலப் படியும். அதைக் கண்டதும் இந்தச் செல்கள் ஓடிப்போய்ச் சுற்றி நிற்கும். கையைச் சுருக்கும், தடிக்கும், கறையைத் தின்னும், பரவாமல் வேலி போடும். இது இல்லாவிட்டால் நோய் இன்னும் சீக்கிரம் முற்றும். ஆனால் வருடக்கணக்காகக் கறை தீராமல் போகும்போது செல்கள் கெட்டுப்போகின்றன. வேலையை நிறுத்தத் தெரிவதில்லை. நல்ல இடத்தையும் தின்னத் தொடங்குகின்றன.

ஜன்னத் மைக்கைப் போட்டுக் கேட்டுவிட்டாள். "அப்போ இந்தப் போ... இந்தச் செல்லு நல்லதா கெட்டதா மேடம்?"

"அப்படிக் கேக்கக் கூடாதும்மா. எந்தக் கட்டத்துலன்னு கேக்கணும். ஆரம்பத்துல காப்பாத்துறதும் அதேதான், பின்னால கெடுக்குறதும் அதேதான். எந்த நாள்ல மாறுதுன்னு எங்களுக்கும் இன்னும் சரியா தெரியாது. அதுக்குத்தான் நீங்க குறிக்கிறீங்க."

இந்த நோய் வந்தால் ஆளிடம் முதலில் என்ன அறிகுறி தெரியும் என்று ஒரு கேள்வியை டைப் அடித்தேன். பிறகு அழித்தேன்.

ஜூன் 21, வெள்ளி

படங்களின் மேல் ஒரு எண் இருக்கும். பக்கத்தில் ஆண் அல்லது பெண், வயது. 83, 79, 90 என்று வரும். இன்று பி-17 வந்தது. ஆண், 51.

எழுத்துப்பிழை என்று நினைத்து பிரிஸ்கில்லா அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். அவர் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பதில் போட்டார். பிழை இல்லை. அரிதாக நாற்பதிலும் ஐம்பதிலும் வருமாம்.

அப்பாவுக்கு ஆவணியில் நாற்பத்தொன்பது முடிகிறது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கத்திரிக்காய் வாங்க வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

இன்றிலிருந்து மூன்று வேலைகள் கூடுதல்.

காலையில் அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சீட்டு வைக்கிறேன். அன்றைக்கு எந்தத் தெரு, யாரோடு என்று. முதல்நாளே மரியசிங்கம் மாமாவுக்கு மெசேஜ் போட்டுத் தெரிந்துகொள்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா குளிக்கப் போனதும் பையைப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. அன்று சாப்பாட்டை நானே வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறேன்.

அப்பா சீட்டைப் பார்த்தார். மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "கையெழுத்து நல்லாருக்குட்டி" என்றார்.

ஜூன் 27, வியாழன்

கறையைச் சுற்றி நிற்கும் புதர்களின் கை எல்லாம் ஒரே பக்கமாக, கறையைப் பார்த்துத்தான் நீண்டிருக்கின்றன. வெளிப்பக்கம் மொட்டையாக இருக்கிறது. குறிப்பு எழுதும் கட்டத்தில் இதை எழுதி அனுப்பினேன். சரியாகப் பார்த்திருக்கிறாய், அந்தக் கைகள்தான் கறையை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதாக நினைக்கிறோம் என்று டாக்டர் பதில் போட்டிருந்தார். பிரிஸ்கில்லா அக்கா அதை எல்லார் முன்னாலும் வாசித்தார். நான் கீழே விழாத பேனாவை எடுக்கக் குனிந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

சாரல் காற்று. எல்லாத் தெருவிலும் கிளை முறிந்து கம்பியில் கிடக்கிறது. அப்பா ஏழு மணிக்குத்தான் வந்தார். பையில் ஒரு கட்டை இருந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. பால் வாங்கப் போவதாகச் சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு மரியசிங்கம் மாமா வீட்டுக்குப் போனேன். கட்டையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

"சரி. பள்ளிவாசல் தெரு கட்டைதான். நான் மாட்டிருதேன். நீ வீட்டுக்குப் போ."

நான் அங்கேயே நின்றேன்.

"இது எத்தனாவது?"

மூன்று விரல் காட்டினேன்.

"எனக்குத் தெரிஞ்சி அஞ்சி. யாருட்டயும் சொல்லிக்கிடாத தாயி. புதுசா வந்துருக்க இஞ்சினியர், ஏ.ஈ. மேடம், ரூல்ஸு பாக்குத ஆளு. நான் கூட இருக்கேன்லா. ஒங்கப்பாவ நாங் கீழ வுட்டுருவனா?"

திரும்பும்போது பால் வாங்க மறந்துவிட்டேன். மறுபடி போனேன்.

ஜூலை 6, சனி

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சீக்கிரம் வந்துவிட்டேன். தலைவலி.

ஜூலை 7, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை.

ஜூலை 8, திங்கள்

மரியசிங்கம் மாமா வந்தார். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. வெந்நீர் கொட்டிவிட்டதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறாராம். அப்பா வீட்டில் இல்லை. அம்மாவிடம் சொன்னார், நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

சனிக்கிழமை பள்ளிவாசல் தெரு முக்கில் மாமா கம்பத்தின் மேலே இருந்தார். கட்டைகளைப் பிடுங்கியது அப்பா. டிரான்ஸ்பார்மர் அடுத்த தெருவில். மாமா இன்னும் இறங்கவில்லை. திடீரென்று கரண்ட் வந்துவிட்டது.

"செயினு கெடந்துச்சி மதினி. டமார்னு ஒரு வெடி. அங்கன பீஸு எரிஞ்சிட்டு. பொறி தெறிச்சி கையில வுழுந்துச்சி, அம்புட்டுதான். பெல்ட்டுல தொங்கிட்டு அப்படியே கெடந்தேன் செத்த நேரம்."

"செயினு இல்லன்னா?"

"அதான் கெடந்துச்சில்லா."

அம்மா அழவில்லை. "ஆபீஸ்ல எழுதிட்டாவளா?" என்று கேட்டாள்.

"கிளை வுழுந்து பீஸு போச்சுன்னு நானே எழுதிட்டேன். அண்ணாச்சிட்ட கேட்டா, 'நீ எறங்கிட்டன்னு நெனச்சேன்'ங்காவ. அவியளுக்கு யாரு சொன்னாவளாம், எறங்கிட்டேன்னு? நான் மேலேருந்து சத்தமே குடுக்கலயே. அதான் எனக்கு வெளங்கல."

டீ கொடுத்தேன். மாமா இடது கையால் வாங்கினார்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று பி-17இன் வேறு படங்கள் வந்தன. இம்முறை பழுப்போடு பச்சைப் புள்ளிகளும் இருக்கின்றன. ஒரு நரம்பு செல் இன்னொன்றைத் தொடும் இணைப்புகள்தான் அந்தப் புள்ளிகள். ஞாபகம் எல்லாம் அந்த இணைப்புகள் வழியாகத்தான் ஓடுகிறதாம். போண்டாவின் வயிற்றுக்குள் எத்தனை பச்சைப் புள்ளி கிடக்கிறது என்று எண்ண வேண்டும். தின்னப்பட்டவை. கறை இல்லாத இடங்களிலும் போண்டா இருந்தது. அதன் வயிற்றிலும் பச்சை இருந்தது.

ஜன்னத் கேட்டாள். "கறையே இல்லாத எடத்துல இதுக்கு என்னட்டி வேல? நல்லாத்தானே இருக்கு அந்த எடம்."

நான் எண்ணினேன். 11, 7, 14, 9.

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் போனபோது அப்பா டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியில் பை தொங்கியது. சாப்பாட்டை வைக்கப் பையைத் திறந்தேன். மூன்று கட்டைகளும் உள்ளே இருந்தன. மணி ஒன்றரை. வேலை ஒரு மணிக்கு முடியும் என்று மாமா மெசேஜ் போட்டிருந்தார். தெரு அமைதியாக இருந்தது. கம்பம் அடுத்த தெருவில் இருந்ததால் மேலே ஆள் இருப்பது தெரியவில்லை. அப்பா மறுபடி மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நான் சொன்னது இது:

"அப்பா, இத மாட்டலயா?"

அப்பா பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் திட்டியிருப்பார். மேலே ஆள் இருக்கும்போது கட்டையைப் பற்றிப் பேசவே விடமாட்டார். சனிக்கிழமை திட்டவில்லை. சிரித்தார். "ஆமாட்டி. நல்லவேள சொன்ன" என்றார். எழுந்துபோய் மாட்டத் தொடங்கினார். முதல் கட்டையை மாட்டும்போதே வெடித்தது.

நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மாமாவைப் போய்ப் பார்க்கவில்லை.

அப்பா தன் ஞாபகத்தை நம்பாமல் என் ஞாபகத்தை நம்பியிருக்கிறார். ஜூன் 24இலிருந்து அப்படிப் பழக்கியது நான்.

ஜூலை 10, புதன்

அம்மாவிடம் சொன்னேன். முழுதாகச் சொல்ல வெகுநேரம் ஆனது. அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இத மரியசிங்கத்துட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. யாருட்டயும் சொல்லாத."

"அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்மா."

"கூட்டிட்டுப் போயி? அவிய ஒரு பேரு எழுதிக் குடுப்பாவ. அத ஆபீஸ்ல காட்டணும். காட்டுனா ஒங்கப்பா நாளைக்கே வீட்டுல ஒக்காரணும். கம்பத்துல ஏறுத மனுசன் நாற்காலில ஒக்காந்தா ஒரு மாசம் தாங்குமா? இன்னும் பதினோரு வருசம் சர்வீஸு கெடக்கு."

"தைராய்டாக்கூட இருக்கலாம்னு எங்க ஆராய்ச்சி டாக்டர் ஒருநாள் வீடியோல சொன்னாவ. எல்லா மறதியும் அது இல்லயாம். பாத்தாத்தான் தெரியுமாம்."

"அதுவாத்தான் இருக்கும். அதுக்கு ஏன் ஊரக் கூட்டணும்? நான் இருக்கேன், நீ இருக்க, மரியசிங்கம் இருக்கான். நாம மூணு பேரும் சுத்தி நின்னு பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆவாது."

கொக்கிகள் எல்லாவற்றையும் வைத்து முடித்தபிறகுதான் அவை தலைகீழாக இருப்பதை அம்மா பார்த்தாள். பிரித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 11, வியாழன்

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் இரண்டு வரை எங்கள் ஊர் முழுக்க மின்தடை. இது தெரு வேலை மாதிரி இல்லை. துணைமின் நிலையத்தில் பெரிய லைனையே நிறுத்துவார்கள். ஏழெட்டுப் பேர் ஏழெட்டு இடத்தில் ஏறியிருப்பார்கள். லைனை நிறுத்திக் கொடுக்கும் அனுமதி ஒருவர் பெயரில்தான் இருக்கும். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று அவர் சொன்னால்தான் திரும்பவும் விடுவார்கள். அவர் ஒருவர் சொன்னால் போதும். அந்த லைனுக்கு மரியசிங்கம் மாமாவின் சங்கிலி போதாது.

இந்த மாதம் அப்பா பெயரில். சர்வீஸ்படி அவர்தான் மூத்தவர். அப்பாவே சொன்னார், சந்தோஷமாக. நீல யூனிபார்ம் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். போட்டேன்.

சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், அம்மாவுக்குக் கேட்காமல்.

"ஏட்டி. மரியசிங்கம் எறங்கிட்டானா?"

சனிக்கிழமை முடிந்து ஐந்து நாள் ஆகிறது.

"எறங்கிட்டாவப்பா."

"பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"அப்பச் சரி" என்று சாப்பிடத் தொடங்கினார்.

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

ஜூலை 12, வெள்ளி

ஆபீசுக்கு லீவு சொன்னேன். மெசேஜில்தான். பிரிஸ்கில்லா அக்கா கட்டைவிரல் படம் போட்டார்.

பத்து மணிக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகம் போனேன். அப்பாவும் மாமாவும் லைனுக்குப் போயிருப்பார்கள் என்று தெரிந்துதான் அந்த நேரம். வெளியே இரண்டு தடவை சுற்றினேன். மூன்றாவது தடவை வாட்ச்மேன் பார்த்துவிட்டார்.

"நயினார் அண்ணாச்சி மவளா? அவிய இல்லையே. சாப்பாடா?"

தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேனோ, உள்ளே விட்டுவிட்டார்.

ஏ.ஈ. மேடம் அறையில் நாளைய வேலைக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மேசையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"என்னம்மா?"

நின்றேன். பதினொன்றாம் வகுப்பில் நின்ற மாதிரியே. மின்விசிறி சுற்றியது. மேடம் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். எட்டிப்பார்த்த கிளார்க் ஒருவர், "ஆறுமுகநயினார் மவ மேடம். பேசாது. ஆளு கொஞ்சம் அப்படி" என்றார்.

"நயினார் சாரோட பொண்ணா? நாளைக்கு அவர் பேர்லதான் லைன் வாங்குறோம். ஏதாவது சொல்லணுமா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன்.

"எழுதிட்டு வந்திருக்கியா? குடு." கையை நீட்டினார். அதற்குள் போன் அடித்தது. எடுத்துப் பேசினார், ஒன்பது மணி, ஆமா, ஏழு ஸ்பாட் என்றார். பேசிக்கொண்டே மேசை ஓரத்தைக் காட்டினார். "அங்க வச்சிட்டுப் போம்மா. இன்னிக்கு ரொம்ப வேலை. நாளைக்கு ஷட்டவுன் முடியட்டும், நிதானமாப் பாக்குறேன்."

மேசை ஓரத்தில் ஏற்கெனவே ஒரு அடுக்கு மனுக்கள் இருந்தன. அவர் கையெழுத்துப் போடாத தாள் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதில் அப்பாவின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது.

நான் டைரியை வைக்கவில்லை. ஜூன் 3ஐத் திறந்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன்.